பாத்துக்கலாம்

அலுவலகத்தில் அவளுக்கு நொட்டை என்று பெயர். நேரில் மேடம், முதுகுக்குப் பின்னால் நொட்டை. அவளுக்கும் அது தெரியும். தெரிந்தும் தெரியாதவள் போல இருந்தாள், ஏனென்றால் பெயர் வைத்தவர்கள் இல்லாததை ஒன்றும் வைத்துவிடவில்லை. மற்றவர்கள் எழுதிய மென்பொருளைத் தட்டிப் பார்த்து, திருப்பிப் பார்த்து, வேண்டுமென்றே தாறுமாறாக விரலை வைத்து, எங்கே உடைகிறது என்று கண்டுபிடித்துச் சொல்வதுதான் அவள் வேலை. சம்பளம் கொடுத்து நொட்டை சொல்லச் சொல்கிறார்கள், சொன்னால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்கிறார்கள். இது என்ன நியாயம் என்று அவள் யாரையும் கேட்டதில்லை.

இருபது வருஷத்துக்கு மேல் இந்த வேலையில் இருக்கிறாள். இதில் வேடிக்கை என்னவென்றால், அவள் கைபட்ட மென்பொருள் ஒன்றுகூட இன்றைக்கு எங்கேயும் ஓடவில்லை. பேருந்து டிக்கெட்டுக்கு ஒன்று செய்தார்கள். அது வெளியே வருவதற்குள் பேருந்து நிறுவனமே கைமாறிவிட்டது. பள்ளிக்கூடங்களுக்கு வருகைப்பதிவு ஒன்று. வேண்டும் என்று கேட்டவர் ஒருவர், வாங்கியவர் இன்னொருவர், தினமும் விரல் வைக்க வேண்டியவர் மூன்றாமவர். இந்த மூன்று பேரும் ஒரு நாள்கூட ஒரே அறையில் உட்காரவில்லை. கிடங்குக் கணக்குக்கு ஒன்று நன்றாகத்தான் வந்துகொண்டிருந்தது. இதையும் சேருங்கள், அதையும் சேருங்கள் என்று ஏற்றிக்கொண்டே போனார்கள். கடைசியில் எடை தாங்காமல் படுத்துவிட்டது.

வீட்டில் இதை ஞாபகப்படுத்த நாத்தனார் இருந்தார். பக்கத்துத் தெருவில் வீடு. வந்து உட்கார்ந்தால் வாய் சும்மா இருக்காது.

"என் தம்பி ஒரு வாஷிங் மெஷினைப் பிரிச்சுச் சேத்தான்னா அது சுத்துது, கண்ணால பாக்கிறோம். நீயும்தான் இத்தனை வருஷமா பையைத் தூக்கிட்டுப் போறே, வர்றே. நீ செஞ்சது எங்கே சுத்துது? ஒண்ணே ஒண்ணு காட்டு."

"காட்டுறேன் அண்ணி" என்பாள் அவள், சிரித்தபடி. கணவர் ஸ்க்ரூடிரைவரைத் துடைத்துக்கொண்டே எழுந்து வெளியே போய்விடுவார். நாத்தனார் கேட்டதில் விஷம் இல்லை. அது உண்மை என்பதுதான் குத்தியது. ஒன்றே ஒன்று, எங்கேயாவது ஒரு மூலையில், முன்பின் தெரியாத யாரோ ஒருவருக்கு உபயோகமாக ஓட வேண்டும். ஓய்வு பெறுவதற்குள் அதைப் பார்த்துவிட வேண்டும். அவளுக்கு வேறு பெரிய ஆசை எதுவும் இருந்ததில்லை.

இத்தனை தோல்விகளைப் பக்கத்தில் இருந்து பார்த்ததில் அவளுக்கு ஒரு விஷயம் பிடிபட்டிருந்தது. எந்தத் திட்டமும் கணிப்பொறியில் சாவதைவிடப் பேச்சில் சாவதே அதிகம். அதுவும் ஒரே சொல்லில். பாத்துக்கலாம். கேட்க எவ்வளவு ஆறுதலான சொல். 'நான் பாத்துக்கிறேன்' என்று ஒருவர் சொன்னால் அங்கே ஒரு ஆள் நிற்கிறார், நாளைக்குச் சட்டையைப் பிடித்துக் கேட்கலாம். 'பாத்துக்கலாம்' என்றால் ஆளே இல்லை. சொன்னவர் கேட்டவரை நினைத்துக்கொள்கிறார், கேட்டவர் சொன்னவரை நினைத்துக்கொள்கிறார், இருவரும் நிம்மதியாகக் காபி குடிக்கப் போகிறார்கள். அவள் மேஜையை ஒட்டி ஏசி ஒழுகியது. கீழே ஒரு பிளாஸ்டிக் வாளி. வைத்த அன்றைக்கு, ஆளை வரச்சொல்லிப் பாத்துக்கலாம் என்றார்கள். வாளி வெளிறி, கைப்பிடி உடைந்து, வேறு வாளியும் மாற்றியாகிவிட்டது. ஏசி அப்படியேதான் இருந்தது.

அதனால் கூட்டத்தில் யார் அந்தச் சொல்லைச் சொன்னாலும் அவள் தலையை நிமிர்த்தாமல் கேட்பாள்: "யாரு?"

யாரு பாத்துப்பா, எப்போ பாத்துப்பா. பேர் சொல்லுங்க. நொட்டை என்ற பெயர் வந்ததே இதனால்தான்.

இப்படி இருக்கையில்தான் ஆஸ்பத்திரி வேலை வந்தது. வார்டில் படுத்திருப்பவர்களுக்கு எந்த வேளைக்கு என்ன மருந்து, என்ன ஊசி என்பதைக் காகிதத்தில் எழுதாமல் கணிப்பொறியிலேயே வைத்துக்கொள்ள ஒரு மென்பொருள். எழுதியவன் முக்கால். எப்போது கேட்டாலும் 'முக்கால்வாசி முடிஞ்சுது' என்பான், அதனால் அந்தப் பெயர். கெட்டிக்காரன், கள்ளமில்லாதவன். மிச்சக் கால்வாசியில்தான் எல்லாப் பாம்பும் படுத்திருக்கும் என்பது மட்டும் அவனுக்குக் கடைசிவரை உறைக்கவில்லை.

முக்காலும் மேனேஜரும் ஆஸ்பத்திரியின் கூட்ட அறையில் உட்கார்ந்து, அங்கே அதிகாரிகள் சொன்னதைக் கேட்டு வந்து எழுதியவர்கள். வார்டுக்குள் கால் வைத்ததில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா? அவள் ஒரு நாள் காலையிலேயே போய், வார்டில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். டெட்டால் வாசனை, மருந்துத் தள்ளுவண்டியின் ஒரு சக்கரம் மட்டும் கிறீச்சிடும் சத்தம், கடைசிக் கட்டில்வரை எட்டாத கணிப்பொறி வயர். எல்லாவற்றையும் பார்த்தாள். நர்ஸ்கள் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. 'ஏழுக்கு இன்சுலின் போட்டாச்சா?', 'நாலு சாப்பிடவே இல்லை' என்று கட்டில் நம்பர்தான். மத்தியானம் மூச்சுத்திணறலோடு இருந்த ஒருவர் ஜன்னல் பக்கம் வேண்டும் என்றார். சரி என்று ஆளை மாற்றிப் படுக்க வைத்தார்கள். சாயங்காலத்துக்குள் இன்னும் இரண்டு பேர் இடம் மாறினார்கள்.

அவள் அலுவலகத்துக்கு வந்து மென்பொருளைத் திறந்து, ஒரு நோயாளியை ஏழாம் கட்டிலிலிருந்து எழுப்பி நாலில் படுக்க வைத்துப் பார்த்தாள். ஆள் போனார். மருந்து போகவில்லை. முக்கால் மருந்தை ஆளோடு கட்டவில்லை, கட்டிலோடு கட்டியிருந்தான். மருந்துக்கும் கட்டில் மாறியதைக் கணிப்பொறியில் தனியாகப் பதிவு செய்து, அதற்கு டாக்டர் ஒப்புதலும் கொடுத்தால்தான் மருந்து பின்னால் போகும். ஜன்னல் பக்கம் மாறிப் படுப்பதற்கு எந்த நர்ஸ் டாக்டரைத் தேடிக்கொண்டு ஓடுவாள்?

கூட்டத்தில் சொன்னாள். முக்கால் நெற்றியைத் தேய்த்தான்.

"மேடம், நீங்க சொல்றது சரிதான். ஆனா அதை மாத்தணும்னா அடியிலிருந்தே மாத்தணும். ரெண்டு மாசம் ஆயிடும்."

"ஆகட்டும். இல்லைன்னா முதல்ல ஒரே ஒரு வார்டுல மட்டும் விடுங்க. பக்கத்துலயே பழைய காகிதமும் இருக்கட்டும். ரெண்டும் ஒத்துப்போகுதான்னு கொஞ்ச நாள் பாத்துட்டு அப்புறம் மத்த வார்டுக்குப் போகலாம்."

"திறப்புவிழாத் தேதி குறிச்சாச்சு மேடம்" என்றார் மேனேஜர். நல்ல மனிதர்தான். மேலிடத்துக்கு 'இல்லை' என்று சொல்லும் பழக்கம் மட்டும் அவருக்கு இல்லை. "எல்லா வார்டும் ஒரே நாள்லன்னு அவங்க தலைவர்கிட்ட சொல்லியாச்சு. கட்டில் மாத்தினா கம்ப்யூட்டர்லயும் மாத்தச் சொல்லி நர்ஸுங்களுக்குச் சொல்லிட்டாப் போச்சு. பாத்துக்கலாம்."

"யாரு சொல்றது?"

மேனேஜர் பேனாவைக் கீழே வைத்தார். "ஒண்ணு பண்ணுவோம். உங்க ஒரு வார்த்தைதான் பாக்கி. வேணாம்னு சொல்லுங்க, இப்பவே போன் பண்ணி நிறுத்திடறேன். ஆனா ஒண்ணு, இப்ப நிறுத்தினா அவங்க வேற கம்பெனிக்குப் போயிடுவாங்க. இதுவும் பழசெல்லாம் போன இடத்துக்குத்தான் போகும்."

மிரட்டலாக அவர் அதைச் சொல்லவில்லை. நடப்பதைத்தான் சொன்னார். கதவுக்கு வெளியே, அவள் மேஜையடி வாளியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது. எல்லாரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் கண்ணில் அந்த வார்டு வந்தது. தள்ளுவண்டியை நிறுத்திவிட்டு ஒரு நர்ஸ் இதைத் திறந்து பார்ப்பது வந்தது. ஒண்ணே ஒண்ணு காட்டு என்ற குரல் வந்தது. நர்ஸ்களிடம் நானே போய்ச் சொல்லிவிட்டால் ஆயிற்று என்று நினைத்தாள். அப்படி நினைத்ததையாவது அப்படியே வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம். அவள் வாயில் வந்ததோ வேறு.

"பாத்துக்கலாம்."

முக்கால் மேஜையைத் தட்டிச் சிரித்தான். "மேடமே சொல்லிட்டாங்கப்பா." அவளும் சிரித்தாள். அன்றைக்கு யாரும் 'யாரு?' என்று கேட்கவில்லை. கேட்பதற்கு அந்த அலுவலகத்தில் இருந்ததே ஒரே ஒரு ஆள்தான்.

நினைத்தபடி ஆஸ்பத்திரிக்குப் போனாள். காலை முறையில் இருந்த தலைமை நர்ஸைப் பிடித்து, கட்டில் மாற்றினால் இதையும் மாற்றணும் என்று செய்து காட்டினாள். அந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டுத் தலையாட்டினார். மத்தியான முறைக்கும் இரவு முறைக்கும் யார் சொல்வது? லீவு போட்டவர்களுக்குப் பதிலாக வருபவர்களுக்கு? மறுபடி வர வேண்டும் என்று நினைத்துக்கொண்டே பஸ் ஏறினாள். மறுநாள் அவளை இன்னொரு வேலையில் போட்டார்கள். நாளைக்குப் போகலாம் என்றாள். அந்த நாளை நகர்ந்துகொண்டே போனது.

திறந்த வாரத்தில் ஒரு தடவை போனாள், ஆனால் சொல்வதற்காகப் போகவில்லை, பார்ப்பதற்காகப் போனாள். வாசலில் நின்றே பார்த்தாள். ஒரு சின்ன வயது நர்ஸ் திரையைப் பார்ப்பதும் மாத்திரையைப் பிரிப்பதும் திரையைத் தொடுவதுமாக இருந்தாள். தன் கைபட்ட ஒன்று உலகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அன்றைக்கு நாத்தனார் வந்தபோது, "பெரிய ஆஸ்பத்திரில போய்ப் பாருங்க அண்ணி, அங்கே சுத்துது" என்றாள். நாத்தனார் முதல்முறையாக மடக்கிப் பேசாமல் அவளை உற்றுப் பார்த்து, "நல்லா இரு" என்றார்.

அந்தச் சந்தோஷம் ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை.

ஒரு காலையில், லீவில் போனவருக்குப் பதிலாக வந்த நர்ஸ் ஒருத்தி திரை காட்டியபடியே ஏழாம் கட்டிலில் இருந்தவருக்கு இன்சுலின் போட்டாள். ஏழில் இருந்த சர்க்கரை நோயாளி முந்தின நாளே நாலுக்குப் போயிருந்தார். இப்போது ஏழில் இருந்தவர் மூச்சுத்திணறலுக்காக வந்திருந்த வயதான ஒருவர். அவருக்குச் சர்க்கரையே கிடையாது, காலையில் ஒன்றும் சாப்பிடவும் இல்லை. தூங்குகிறார் என்று விட்டுவிட்டார்கள். கண்டுபிடித்துக் குளுக்கோஸ் ஏற்றியபோது உயிர் இருந்தது. நினைவு திரும்பவில்லை.

அன்றைக்கே எல்லா வார்டிலும் வயரைப் பிடுங்கிவிட்டுக் காகிதத்துக்குத் திரும்பினார்கள். அலுவலகத்தில் கூட்டம் போட்டார்கள். தும்பை விட்டுவிட்டு வாலைப் பிடிப்பதற்குத்தான் எத்தனை பேர். கட்டிலை மாத்தினா பதியணும்னு தெரியாதா என்று முக்கால் நர்ஸைச் சொன்னான். யார் முகத்தையும் பார்க்காமல்தான் சொன்னான். அந்த நர்ஸை வேலையை விட்டு நிறுத்தியிருந்தார்கள்.

"அந்தப் பொண்ணு என்ன பண்ணுவா? அவளுக்கு யாரும் சொல்லலை" என்றாள் அவள். "சொல்லியிருக்க வேண்டியவ நான். வேணாம்னு நிறுத்தியிருக்க வேண்டியவளும் நான்தான்."

"அப்படியெல்லாம் மனசுல போட்டுக்காதீங்க மேடம்" என்றார் மேனேஜர், உண்மையான கரிசனத்தோடு. "இது எல்லாரும் சேந்து எடுத்த முடிவு. அடுத்ததுல இப்படி வராம பாத்துக்கலாம்."

எல்லாரும் எடுத்த முடிவாம். அதாவது யாரும் எடுக்காத முடிவு. அவளுக்குத் தன்மேல் வந்த அருவருப்பில் கோபம்கூட வரவில்லை. பையை எடுத்துக்கொண்டு, யாரும் அனுப்பாமலே ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

அந்த வயதானவரைத் தனி அறைக்கு மாற்றியிருந்தார்கள். அவர் கண் திறந்துதான் இருந்தது. எதையும் பார்க்கவில்லை. பக்கத்தில் அவருடைய மனைவி உட்கார்ந்து, ஈரத்துணியால் அவர் உதட்டை ஒற்றிக்கொண்டிருந்தார். வாசலில் நிழல் தட்டியதும் திரும்பினார்.

"நீங்க யாரும்மா?"

வாழ்நாளெல்லாம் அவள் மற்றவர்களைக் கேட்ட கேள்வி. அதற்குப் பதில் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது.

"அந்தக் கம்ப்யூட்டர்ல... மருந்து காட்டுமே, அதைச் சோதிச்சுப் பாத்தவ நான்."

அந்த அம்மாள் சண்டைக்கு வரவில்லை. வந்திருந்தால் தேவலை. புரியாத ஒன்றைத் தெரிந்துகொள்கிற முகத்தோடு கேட்டார்: "சோதிக்கிறதுன்னா, இந்த மாதிரி தப்பெல்லாம் வருமான்னு முன்கூட்டியே பாக்கிறதாம்மா?"

"ஆமாம்மா."

"அப்போ பாத்தீங்களா?"

"பாத்தேன்" என்றாள் அவள்.

அந்த அம்மாள் திரும்பி, துணியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, கணவரின் உதட்டை மறுபடி ஒற்ற ஆரம்பித்தார்.