அரண்மனைக்கு எழுதிய மூன்று பக்கங்கள்

இது நடந்தது 2022ஆம் ஆண்டு, லண்டன் தோர்ண்டன் ஹீத்தில், எங்கள் வீட்டில். மகாராணி அரியணையில் எழுபது ஆண்டுகளை நிறைவு செய்து, பிறகு இறந்தும் போன அதே ஆண்டு. பத்தொன்பது வயதிலிருந்து நான் நாட்குறிப்பு எழுதி வருகிறேன். ஒரு நாள்கூடத் தவறவிட்டதில்லை. ஆகவே கீழே வரும் கிழமையும் நேரமும் நினைவிலிருந்து எழுதியவை அல்ல, பார்த்து எழுதியவை. அப்படிச் சரியாக எழுதிவைப்பதில் எனக்கு ஒரு காலத்தில் பெருமை இருந்தது.

அப்பா யாழ்ப்பாணத்தில் தபால் அதிபராக இருந்தவர். மகாராணி இலங்கைக்கு வந்தபோது அவருக்குப் பதினெட்டு வயது. வீட்டில் சொல்லாமல் ரயிலேறிக் கொழும்புக்குப் போய், வெயிலில் நான்கு மணித்தியாலம் நின்று, ஓடும் காரில் ஒரு வெள்ளைக் கையுறையைக் கண்டுவிட்டுத் திரும்பி வந்தவர். முகத்தைக் காணவில்லை. "முகம்தானே தபால் முத்திரையில இருக்கு, கையைத்தான் பார்க்கவேணும்" என்று அதற்கும் ஒரு நியாயம் வைத்திருந்தார். இந்த நாட்டு முத்திரையில் நாட்டின் பெயர் இருப்பதில்லை, மகாராணியின் தலை மட்டும்தான் இருக்கும் என்பதை வீட்டுக்கு வரும் எவருக்கும் சொல்லாமல் விடமாட்டார். பெயர் போடத் தேவையில்லாத முகம் என்பார்.

மகாராணியின் நான்கு பிள்ளைகள், எட்டுப் பேரப்பிள்ளைகள், அதற்கு அடுத்த தலைமுறை வரை எல்லோருடைய பிறந்தநாளும் அவருக்கு மனப்பாடம். என் தம்பியின் பிள்ளைகளுடைய பிறந்தநாளை மட்டும் என்னிடம் கேட்பார். அம்மா விடமாட்டார்.

"அந்த மனுசி எந்த வருசம் என்ன நிறத் தொப்பி போட்டவ எண்டு உவருக்குத் தெரியும். நான் நேற்றுக் கட்டின சீலை என்ன நிறம் எண்டு கேளுங்கோ பாப்பம்."

"பச்சை" என்பார் அப்பா, தொலைக்காட்சியிலிருந்து கண்ணெடுக்காமல்.

"நேற்று நான் சீலையே கட்டேல்லை!"

எனக்கு இந்தப் பக்தி பிடிப்பதில்லை. எங்கள் நாட்டை ஆண்டுவிட்டு, யாரை யாரிடம் விட்டுப்போகிறோம் என்று திரும்பிப் பார்க்காமல் போனவர்கள் என்பது ஒன்று. இங்கே வந்த பிறகு எங்கள் அகதி வழக்கு ஏழு ஆண்டுகள் மேசைக்கு மேசை நகர்ந்தது இன்னொன்று. அதைச் சொன்னால் அப்பாவுக்குக் கோபம் வராது. "தபால் பிந்தினால் முத்திரையில இருக்கிற முகத்தையோ பிள்ளை ஏசுறது?" என்று சிரிப்பார்.

திருமணமாகி அறுபது ஆண்டு நிறைந்தால் மகாராணியிடமிருந்து வாழ்த்து அட்டை வரும். பிள்ளைகள் யாராவது திருமணப் பதிவின் பிரதியுடன் விண்ணப்பிக்க வேண்டும். இது அப்பாவுக்கு எப்போது தெரியவந்ததோ, அன்றிலிருந்து அவர் அந்த அட்டைக்காகவே உயிரோடு இருந்தார் என்று சொன்னால் மிகையில்லை. எண்பத்தாறு வயது, இதயம் பலவீனம், காலில் வீக்கம். அட்டை பதிவுத்தபாலில் வரும், கையெழுத்து வைத்துத்தான் வாங்க வேண்டும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். "தபால்காரன் வந்தால் நீ கதவைத் திற. கையெழுத்து நான் வைப்பன்" என்று எனக்கு முன்கூட்டியே உத்தரவு போட்டிருந்தார். வாழ்நாள் முழுக்க மற்றவர்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு தபால் கொடுத்தவர்.

இங்கேதான் சிக்கல் வந்தது. எங்கள் ஆட்களுக்குக் கலியாணம் இரண்டு முறை நடக்கும். முதலில் 'எழுத்து'. பதிவாளர் பெண் வீட்டுக்கு வந்து பதிவு செய்வார், சாட்சிகள் ஒப்பமிடுவார்கள், பலகாரம் சாப்பிட்டுக் கலைவார்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் அவரவர் வீட்டில்தான் இருப்பார்கள். பிறகு நல்ல நாள் பார்த்துத் தாலி கட்டு. அதுதான் கலியாணம். என் பெற்றோருக்கு எழுத்து மே மாதத்தில், தாலி கட்டியது செப்டெம்பர் பன்னிரண்டில். பதிவுத்தாளில் இருப்பது மே மாதத் திகதி.

அந்த ஆண்டு ஏப்ரலில் அப்பா பத்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். அப்போதே தம்பி, லண்டனின் கிழக்கே செவன் கிங்ஸிலிருந்து, போன் செய்தான்.

"அக்கா, மே மாதத்துக்கே விண்ணப்பியுங்கோவன். சேர்ட்டிபிக்கட்டில அதுதானே கிடக்கு."

"அது எழுத்தடா. கலியாணம் இல்லை."

"வெள்ளைக்காரனுக்கு அது தெரியுமோ? அட்டை வந்தால் சரிதானே."

"எனக்குத் தெரியுமே."

நான் ஒரு மருத்துவமனையில் நோயாளர் பதிவேடுகளைச் சரிபார்க்கிறவள். பெயர் ஒன்று, பிறந்த திகதி இரண்டு என்று வருகிற எங்கள் ஆட்களின் கோப்புகளைக் கண்டு கண்டு சலித்தவள். எங்கள் வீட்டுக் காரியத்திலும் ஒரு பிழையான திகதியை நானே கையால் எழுதிக் கொடுப்பதா என்று நினைத்தேன். இன்னொன்றையும் நினைத்தேன், அதை அன்று நாட்குறிப்பில் எழுதவில்லை: எங்கள் கலியாணம் எது என்று அவர்களுடைய தாள் தீர்மானிக்கக் கூடாது. அப்பாவிடமோ அம்மாவிடமோ ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது, தாலி கட்டிய நாள்தானே திருமணநாள் என்று இருந்துவிட்டேன்.

ஓகஸ்ட் கடைசியில் செப்டெம்பர் பன்னிரண்டு என்று போட்டு விண்ணப்பித்தேன். செப்டெம்பர் இரண்டாம் திகதி, வெள்ளிக்கிழமை காலை பத்தே காலுக்கு, வாழ்த்துகளைக் கவனிக்கும் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தார். மிக இனிமையான குரல். விண்ணப்பத்தில் ஒரு திகதியும் பதிவில் வேறு திகதியும் இருக்கின்றனவே என்றார். பரவாயில்லை, மே மாதம் என்று நான் உறுதிப்படுத்தினால் போதும், பிந்திய வாழ்த்தாக அன்றைக்கே அனுப்பிவிடலாம், செவ்வாய்க்கிழமைக்குள் கையில் கிடைத்துவிடும் என்றார்.

ஓம் என்று ஒரு சொல். அதைச் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும்.

நான் விளக்கத் தொடங்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அப்படியானால் செப்டெம்பர் திகதியை ஏற்க முடியுமா என்று மேலிடத்தில் கேட்க வேண்டும், எழுத்தில் தர முடியுமா என்றார். தரலாம் என்றேன். எழுதித் தருவது எனக்குக் கைவந்த வேலை. சனியும் ஞாயிறும் உட்கார்ந்து மூன்று பக்கம் எழுதினேன். எழுத்து என்றால் என்ன, தாலி என்றால் என்ன, எங்கள் ஊர் வழக்கம், பஞ்சாங்கத்தின்படி ஆவணி மாத நாள், அழைப்பிதழின் மொழிபெயர்ப்பு, எல்லாம். திங்கட்கிழமை பதிவுத்தபாலில் அனுப்பினேன். நாட்குறிப்பில் 'கடிதம் நன்றாக வந்திருக்கிறது' என்று இருக்கிறது.

"தபால் வந்திட்டுதோ பிள்ளை?" என்று அப்பா அன்று கேட்டார்.

"பன்னிரண்டுக்குத்தானே அப்பா. வரும்."

"ஓம் ஓம். அதுக்கு முதல் வராதுதான்" என்றார். ஆனாலும் மற்ற நாளும் கேட்டார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மாலை, மகாராணி புதிய பிரதமரைச் சந்தித்த படத்தைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை, கையில் தடி, சிரித்த முகம். எல்லோரும் முகத்தைப் பார்த்தோம். அப்பா கையைப் பார்த்தார்.

"இஞ்சை பார் பிள்ளை, புறங்கை நீலம் பாரிச்சிருக்கு" என்று சொல்லித் தன் கையை எனக்கு நீட்டினார். முந்தின வாரம் ஆஸ்பத்திரிக்குப் போனபோது ஊசி ஏற்றிய இடம் அவருக்கும் அதே நிறத்தில் இருந்தது. "இது ஊசி ஏத்தின கை. மனுசி கனநாள் இராது."

நான் மகாராணியைப் பற்றி நினைக்கவில்லை. என்னுடைய கடிதம் அன்று போய்ச் சேர்ந்திருக்கும் என்று நினைத்தேன்.

வியாழக்கிழமை மாலை ஆறரை மணிக்குச் செய்தி வந்தது. வெளியே மழை. அப்பா எழுந்து நிற்க முயன்றார், முடியவில்லை, அம்மா கையைக் கொடுத்தார். இரண்டு பேரும் தொலைக்காட்சிக்கு முன்னால் நின்றார்கள். அப்பா அழுததை நான் அதற்கு முன் இரண்டு முறைதான் கண்டிருக்கிறேன். சற்று நேரத்தில் தம்பி போன் செய்தான். அவனுக்கு வெள்ளிக்கிழமை வந்த போன் பற்றித் தெரியும், நானே பெருமையாகச் சொல்லியிருந்தேன்.

"அட்டை செவ்வாய்க்கிழமை வந்திருக்கும், என்ன அக்கா?"

நான் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தேன்.

"சரி. திகதி பிழைக்கேல்லைத்தானே" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

மறுநாள் எங்கள் தெருவில் இருக்கும் தமிழ்க் கடையில், மரக்கறிப் பெட்டிகளுக்கு மேலே மகாராணியின் படம், மல்லிகை மாலை, குத்துவிளக்கு. மீன் வாங்க வந்தவர்களும் ஒரு நிமிடம் நின்று கும்பிட்டுவிட்டுப் போனார்கள். வழமையாக இருந்தால் வீட்டுக்கு வந்து அதைப் பற்றி ஏளனமாக எழுதியிருப்பேன். அன்று திகதியும் கிழமையும் மட்டும் எழுதினேன்.

பன்னிரண்டாம் திகதிக்கு ஒழுங்கு செய்திருந்த விருந்தை அப்பா நிறுத்தச் சொன்னார். தம்பி, இனிப் புதிய மன்னரின் பெயரில் அட்டை வரும், கேட்டுப் பார்க்கலாம் என்றான். அப்பாவுக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை.

"தாய் செத்த பெடியன். செத்தவீட்டுக்காரரிட்டைப் போய் வாழ்த்துக் கேக்கிறதோ? முப்பத்தொண்டாம் நாள் கழியட்டும்."

"ஏன், உங்களுக்கும் செத்தவீட்டுத் துடக்கோ?" என்றார் அம்மா. "அவ உங்களுக்கு என்ன முறை?"

"எல்லாருக்கும் ஒரு முறைதான்."

பன்னிரண்டாம் திகதி மாலை கேசரி மட்டும் செய்தேன். மூன்று பேரும் சாப்பிட்டோம். தொலைக்காட்சியில் ஸ்கொட்லாந்தில் பெட்டிக்குப் பின்னால் பிள்ளைகள் நால்வரும் நடந்துபோவதைக் காட்டினார்கள். நான் இனிமேலும் மறைக்க முடியாமல், வெள்ளிக்கிழமை வந்த போனைப் பற்றி முழுவதும் சொன்னேன். மே என்று சொல்லியிருந்தால் அட்டை வந்திருக்கும் என்றும் சொன்னேன்.

அம்மா கரண்டியைக் கீழே வைத்தார். "மே எண்டால் என்ன பிழை? எழுத்து அண்டைக்குத்தான் நான் உவரை முதன்முதல் கண்டனான். கையெழுத்து வைக்கேக்கை கை நடுங்கி, மை கொட்டி, பதிவுக்காரன் பேசினவன். நான் சிரிச்சுப்போட்டன். தாலி கட்டேக்கை புகைக்குள்ள ஆரைக் கண்டது? எங்கள் ரெண்டு பேருக்கும் அந்த நாள்தான் நாள். வருசா வருசம் அண்டைக்கு உவர் எனக்கு ஒரு முத்திரை ஒட்டின வெறும் கடித உறை தருவார். நீ ஒருநாளும் கேக்கேல்லையே."

முப்பத்துமூன்று ஆண்டு நாட்குறிப்பில் அந்தக் கடித உறை இல்லை.

"விடுமப்பா" என்றார் அப்பா அம்மாவிடம். "பிள்ளை சரியாத்தானே எழுதினவள்."

என்னை யாரும் அதைவிடக் கடுமையாக ஏசியதில்லை.

அப்பா முப்பத்தொரு நாளை எட்டவில்லை. மகாராணி இறந்து இருபத்துமூன்று நாள் கழித்து, சனிக்கிழமை அதிகாலையில், நித்திரையிலேயே போய்விட்டார். அவருடைய மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் நாலாக மடித்த ஒரு மின்சாரக் கட்டண உறை இருந்தது. அதன் பின்பக்கம் முழுக்க அவருடைய கையெழுத்து. மேலே இருப்பவை கோணல், நடுங்கிப் போனவை. கீழே போகப் போகக் கொஞ்சம் நேராகின்றன. கடைசி ஒன்று தபால் கந்தோர் நாட்களில் அவர் போட்ட ஒப்பம் போலவே இருந்தது. தபால்காரனுக்கு முன்னால் கை நடுங்கக் கூடாது என்று பழகியிருக்கிறார்.

ஒக்டோபர் பதினெட்டு, செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்று பத்து. அதே பெண், அதே இனிமையான குரல். தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டார். என் கடிதத்தைப் பலரும் படித்தார்களாம், மிகத் தெளிவாக இருந்ததாம், செப்டெம்பர் பன்னிரண்டையே திருமணநாளாக ஏற்றுக்கொண்டுவிட்டார்களாம். மன்னரின் பெயரில் இப்போது அட்டை அனுப்பலாம், ஆனால் ஒரு சிறிய உறுதிப்படுத்தல் வேண்டும் என்றார். தம்பதியர் இருவரும் நலமாக இருக்கிறார்களா?

அந்தக் கேள்விக்கு நான் மிகச் சரியான பதிலைச் சொன்னேன், திகதியோடு.

இப்போதும் தினமும் எழுதுகிறேன். பழக்கம் விடவில்லை. மே மாதத்தில் அந்த நாள் வரும்போது, ஒரு வெறும் உறையில் மகாராணியின் முத்திரை ஒட்டி அம்மாவிடம் கொடுக்கிறேன். அவர் வாங்கி, முத்திரையில் இருக்கும் முகத்தைப் பார்த்துவிட்டு வைத்துக்கொள்கிறார். அப்பா கும்பிட்ட அந்த முகத்தின் மேல் எனக்கு இன்றும் பக்தி வரவில்லை. ஆனால் எழுபது ஆண்டு ஆண்ட அந்த அரசியைவிடப் பிடிவாதமாக எங்கள் வீட்டில் ஆட்சி செய்தது என்னுடைய 'சரி' என்பதையும், அதன் குடிமகனாக இருந்து அப்பா ஒரு முறைகூட முணுமுணுக்கவில்லை என்பதையும், திகதி எழுதப் பேனாவை எடுக்கும் ஒவ்வொரு நாளும் நினைத்துக்கொள்கிறேன்.