சூடு ஏறினால் கத்தும்

பாகூர் பக்கம் நடவு வேலைக்குப் போகும் ஐந்து பெண்களின் கையில் பட்டை கட்டியது நான்தான். எங்கள் இன்ஜினியரிங் காலேஜ் ஆராய்ச்சி அது. வெயிலில் வேலை செய்கிறவர்களின் உடம்புச் சூட்டை அளந்து, அளவு மீறினால் சத்தம் போடும் பட்டை. ஐவரில் ஒருத்தி என் சின்னம்மா. அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள். போன வருஷம் வயலிலேயே மயங்கி விழுந்தாள் என்பதால் அடம்பிடித்து அவளையும் சேர்த்திருந்தேன்.

கட்டும்போது ஒரே மூச்சில் விளக்கிவிட்டேன். "சூடு ஏறுனா கத்தும். கத்துனா உடனே நிழலுக்கு வந்துடுங்க. கத்தாத வரைக்கும் பயமில்ல." பெரிய மேதாவி என்று நினைப்பு எனக்கு.

பத்து நாளாக என் கம்ப்யூட்டரில் ஐந்து கோடுகளும் பச்சையாகவே ஓடின. வெளியே தார் ரோடு இளகிக் கிடந்தது. புரொபசருக்கு மகிழ்ச்சி. "பழகின உடம்பும்மா, தாங்குது" என்றார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. பதினோராம் நாள்தான் உற்றுப் பார்த்தேன். ஐந்து கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருந்தன. ஐந்து பேர் உடம்பு எப்படி ஒரே மாதிரி இருக்கும்? ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனேன்.

மணி ஒன்று. வரப்போரத்து வேப்பமரத்தில், நல்ல நிழலான கிளையில், ஐந்து பட்டைகளும் வரிசையாகத் தொங்கின. பத்து நாளாய் நான் அளந்தது வேப்பநிழலை. சாப்பாட்டு நேரத்தில் மரத்தடியில் ஒருவரும் இல்லை. நடு வயலில் குனிந்து நட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஏன்க்கா கழட்டினீங்க?" என்று நாற்று எடுக்கக் கரைக்கு வந்த ஓர் அக்காவைக் கேட்டேன்.

"சேறு பட்டா கெட்டுப்பூடும்ல, காலேஜ் பொருளு. வெயில் ஏறுனா அங்கருந்தே கத்தட்டும்னு மாட்டிவுட்டோம். முன்னெல்லாம் பன்னெண்டுக்கே கரையேறிடுவோம். இப்பதான் அது கத்தவே இல்லியே, இன்னா பயம்?"

சூடு என்று நான் சொன்னது உடம்பை. அவர்கள் வெயில் என்று எடுத்துக்கொண்டிருந்தார்கள். என் வாயை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

சேற்றில் இறங்கிச் சின்னம்மாவின் பிடரியில் கை வைத்தேன். ஒரு பொட்டு வியர்வை இல்லை, தோசைக்கல் மாதிரிச் சுட்டது. நிழலுக்கு இழுத்து வந்து தலையில் தண்ணீரைக் கொட்டினேன். எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்க, ஒரு பட்டையை எடுத்து அவளுக்குக் கட்டினேன். கொஞ்ச நேரத்திலேயே அது கத்த ஆரம்பித்தது. வயலில் இருந்த நால்வரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

சின்னம்மா அந்தச் சத்தத்தைக் கவனிக்கவே இல்லை. என் முகத்தையே உற்றுப் பார்த்தாள்.

"யாரு வூட்டுப் பொண்ணும்மா நீ?" என்றாள்.