ஜெபா இன்னும் ரூமில்தான் இருக்கிறான்

ஜெபராஜ் போய்விட்டான்... காலையில் அவன் தம்பி நாகர்கோவிலிலிருந்து போன் செய்தார். மாரடைப்பாம்.

இருங்காட்டுக்கோட்டையில் ஃபேக்டரி வேலை, ஒரே ரூம், ஒரே ஷிப்ட் எங்களுக்கு. இரண்டாயிரத்து மூன்று, நாலு வாக்கில். எல்லோரும் ஓ.டி. காசில் செல்போன் வாங்கினால், இந்தக் கிறுக்கன் பழைய கம்ப்யூட்டர் வாங்கினான். ரூமில் இருந்த எங்களையே வைத்து ஒரு கேம் எழுதினான்.

அதில் ஒருவன் எங்கெல்லாம் இருக்கலாம் என்று முதலில் ஒரு வரிசை. ரூம், கம்பெனி பஸ், வேலை செய்யும் லைன், ஓ.டி. அதற்கு enum என்று பெயராம். ரூம், பஸ் என்பதெல்லாம் நமக்குத்தான் பெயர், கம்ப்யூட்டருக்கு வெறும் நம்பர். ரூம் பூஜ்யம், பஸ் ஒன்று, இப்படியே...

"பூஜ்யத்துல ஏன்டா ரூம வெச்ச?"

"ஒருத்தன் எங்க நிக்கான்னு நாம சொல்லலன்னா, அது பூஜ்யம்னு எடுத்துக்கிடும் மக்கா. தகவல் இல்லன்னா ரூம்லதான் கெடக்கான்னு இருக்கட்டும்."

ஒரு நாள் பஸ்ஸுக்கும் லைனுக்கும் நடுவில் கேன்டீனைச் செருகிவிட்டான். சேவ் பண்ணியிருந்த பழைய ஆட்டத்தைத் திறந்தால், லைனில் நின்றவர்கள் எல்லாம் கேன்டீனில். நம்பர் அப்படியே இருக்கிறது, பெயர்கள் ஒரு இடம் தள்ளிவிட்டன. சூப்பர்வைசர் பார்த்தால் அவ்வளவுதான் என்று விழுந்து விழுந்து சிரித்தோம்.

"புதுசா வாறவன் கடைசியிலதான் நிக்கணும்" என்று தலையில் அடித்துக்கொண்டு கேன்டீனைக் கீழே இறக்கினான்.

நான் சும்மா இருக்காமல், "இன்னாடா, எவனாவது செத்துட்டா அதுக்கு இன்னா நம்பர்?" என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. "அத நான் எழுதல. எழுதாத எடத்துக்கு எவனும் போவ முடியாதுல."

இன்று அந்த கேமைத் திறந்தேன். பழைய சிடியிலிருந்து எப்போதோ லேப்டாப்புக்கு மாற்றியது.

புது ஆட்டம்... பாயில் உட்கார்ந்திருக்கிறான் ஜெபா. கட்டம் போட்ட லுங்கி. கொஞ்ச நேரத்துக்கு ஒரு முறை கதவுப் பக்கம் தலையைத் திருப்புகிறான். அவனே எழுதி வைத்ததுதான், தெரியும். ஆனாலும் பயமாக இருக்கிறது. மூடவும் மனசு வரவில்லை.

அவன் எழுதிய வரிசையையும் திறந்து வைத்திருக்கிறேன். கேன்டீனுக்குக் கீழே ஒரு வரி சேர்த்தால் போதும், யாருடைய இடமும் மாறாது. கர்சர் அங்கேதான் மின்னிக்கொண்டிருக்கிறது...

டைப் செய்ய மாட்டேன்.

ரூம்லயே இருடா ஜெபா. நான் பஸ்ல வந்துகினு கீறேன்.