வரி கட்டிய சேவல்

தூத்துக்குடி துறைமுகத்துக்கு வரும் கண்டெய்னர்களுக்குச் சுங்க வரி கணக்குப் போட்டுக் கட்டுவது என் பிழைப்பு. வரி கட்டாத சரக்கு கேட்டைத் தாண்டாது. கட்டிய சரக்கை ஒருவனும் தொடமாட்டான். வருஷக்கணக்காக இதையே பார்த்து எனக்குள் ஒரு ஞானம் ஊறிவிட்டது: வரி கட்டிவிட்டால் எல்லாம் சுத்தம். பொன்னுதுரையாகிய நான் கெட்டது கிரிக்கெட்டால் அல்ல, இந்த ஞானத்தால்தான்.

என் மனைவி ஜீவமணி பக்கத்து ஊரான நாசரேத்தில் டீச்சர். அவளுடைய அப்பா பந்தயத்தில் ஜவுளிக்கடையைத் தொலைத்தவர். பெண் பார்க்கப் போன அன்றே, "பந்தயம் கட்டுத ஆளுன்னா இப்பவே சொல்லிருங்க. பெறவு தெரிஞ்சா ஒரு வீட்ல இருக்க மாட்டேன்" என்றாள். இல்லை என்றேன். அன்றைக்கு அது உண்மை.

பிறகு போனில் கிரிக்கெட் ஆப் வந்தது. பதினொரு பேரைப் பொறுக்கி, பணம் கட்ட வேண்டும். கட்டும்போது ஜிஎஸ்டி, ஜெயித்தால் வருமான வரி. வரி என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்குச் சொந்தக்காரனைப் பார்த்த மாதிரி ஆகிவிட்டது.

திரேஸ்புரம் டீக்கடையில் ரகசியமாகப் பந்தயம் பிடிக்கும் புக்கி டெரன்ஸ் எனக்காகப் பரிதாபப்பட்டான்.

"அண்ணாச்சி, ஆப்புல உள்ள போவும்போதும் வெட்டுதான், வெளிய வரும்போதும் வெட்டுதான். எங்கிட்ட போட்டா முழுசா வரும்லா."

"நீ திருட்டுத்தனமா நடத்துத. நான் கவர்மெண்டுக்குக் கட்டி ஆடுதேன்."

"நல்லா கட்டுங்க. வரி ஏறுன பெறவுதான் என் தொழிலே எந்திரிச்சிருக்கு. ஆப்புல ஆடுன பயலுவ பூரா இங்கன வந்துட்டானுவ" என்றவன், அந்தச் சந்தோஷத்தில் எனக்கு வடை வாங்கித் தந்தான். கள்ளப் பணத்து வடை என்று தெரிந்தும் சட்னி கேட்டு வாங்கித் தின்றேன்.

பல தடவை தோற்று, ஒரு தடவை பெரிதாக ஜெயித்தேன். முப்பது சதவீதம் வரி பிடித்துக்கொண்டு மீதியைத் தந்தார்கள். பிடித்ததைப் பார்த்துப் பெருமைப்பட்ட ஒரே ஆட்டக்காரன் நானாகத்தான் இருப்பேன். அரசாங்கத்துக்குரியது போய்விட்டது, தேவனுக்குரிய பத்தில் ஒரு பங்கு, தசமபாகம், பாக்கி. காணிக்கைக் கவரில் போட்டால் எதற்காக என்று எழுத வேண்டும். ஆகவே சர்ச்சில் நடக்கும் அறுப்பின் பண்டிகை ஏலத்துக்குக் காத்திருந்தேன். சபையார் படைத்த வாழைத்தாரையும் கோழியையும் ஆராதனை முடிந்ததும் ஏலம் விடுவார்கள். தேவ காரியம் என்பதால் கூடுதலாகக் கேட்டாலும் யாரும் ஏனென்று கேட்பதில்லை.

ஒரு சேவல் வந்தது. ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர் பெர்சி சார் கொஞ்ச தூரம் கேட்டுவிட்டு உட்கார்ந்தார். போட்டிக்கு ஆளே இல்லை. ஆனால் தசமபாகக் கணக்கு இன்னும் வரவில்லையே! என் விலைக்கு மேல் நானே ஏற்றிக் கேட்டேன். சபை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பெண்கள் பக்கத்தில் ஜீவமணி மட்டும் திரும்பவில்லை. கீரைக்கட்டுக்குக்கூட பேரம் பேசும் புருஷன் என்ன செய்துவிட்டு வந்திருக்கிறான் என்று அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும், "இந்த ரூவா எங்கன உள்ளது?" என்றாள்.

கக்கத்தில் சேவலோடு எல்லாவற்றையும் சொன்னேன். "ஒங்கப்பா மாதிரி ஒளிஞ்சு ஆடலளா. முறையா வரி கட்டுன ரூவா."

"அப்பா ஒளிஞ்சு ஆடுனாவன்னு யாரு சொன்னா? ஊட்டி குதிரைப் பந்தயம். சீசனுக்கு சீசன் டிக்கெட் எடுத்து, வரி கட்டித்தான் ஆடுனாவ." சேவலை என்னிடமிருந்து வாங்கினாள். "பேங்குக்காரன் எங்க கடைய ஏலம் விட்டானே, அதுவும் முறையாத்தான் விட்டான்."

வெட்கத்தில் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவள் கண் முன்னாலேயே ஆப்பை அழித்தேன். அவள் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பவில்லை. சேவலை அறுக்கக் கூடாது, அதற்குத் தினமும் நான்தான் இரை போட வேண்டும் என்று மட்டும் சொன்னாள்.

பின்னால் சட்டமே வந்து அந்த ஆப்புகளை மூடிவிட்டது. டெரன்ஸ் இன்னும் வடைக்குக் கூப்பிடுகிறான், போவதில்லை. விடியும் முன்பே சேவல் கூவுகிறது. இயேசுவைத் தெரியாது என்று மறுதலித்த பேதுரு சேவல் கூவியதைக் கேட்டு மனம் கசந்து அழுதாராம். எனக்கு அந்த அளவு யோக்கியதை இல்லை. எழுந்து அதற்குக் கம்பு போடுகிறேன். ஜன்னலுக்கு உள்ளிருந்து ஜீவமணி பார்த்துக்கொண்டிருக்கிறாள்.