சனி வரைக்கும் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டு மீட்டர்

சக்கரக்காரி என்று சொன்னால்தான் அவளை ஊருக்குத் தெரியும். நகராட்சியில் தெரு அளப்பது அவள் உத்தியோகம். நீளக் கைப்பிடி வைத்த ஒற்றைச் சக்கரம், பக்கத்தில் எண் ஓடும் சின்னப் பெட்டி; தள்ளிக்கொண்டு போனால் எத்தனை மீட்டர் உருண்டது என்று அதுவே காட்டும். குழாய் பதிக்க, சாக்கடை தோண்ட, விளக்குக் கம்பம் நட, எதற்கும் முதலில் அவள் வர வேண்டும். இத்தனை வருஷத்தில் ஒரு அளவு தப்பியதில்லை. அந்தப் பெருமை அவளுக்குக் கொஞ்சம் அதிகம்தான், இருந்துவிட்டுப் போகட்டும்.

அளக்கத் தெரிந்த அளவுக்கு அவளுக்குப் பேசத் தெரியாது என்பதுதான் வீட்டில் தொல்லை. ஒரே மகள் கடல் தாண்டி, கப்பல் கட்டும் தளத்தில் வெல்டராகப் போய் நாலு வருஷம். ஞாயிற்றுக்கிழமை ஃபோன் வந்தால், "ரூம்லேருந்து பஸ் ஸ்டாப் எவ்ளோ தூரம்? நடக்குற தூரமா?" என்பாள். எப்போது வருகிறாய் என்று மட்டும் வாயில் வராது. மகளும் அம்மாவை உரித்து வைத்தவள்; "முந்நூறு மீட்டர்மா" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவாள்.

ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை பார்க்கும் புருஷன் தலையில் அடித்துக்கொள்வார். "வாடின்னு ஒரு வார்த்தை சொன்னா குறைஞ்சா போயிடுவே?"

"வேலைக்குப் போன புள்ளையை வா வான்னு நச்சரிக்கிறதா? அவளுக்கே தோணணும்."

இந்த லட்சணத்தில்தான் நகராட்சிக்கு ஒரு ஆசை வந்தது. பூங்கா வாசலில் சூரியனை வைத்து, அங்கிருந்து பஸ் நிலையம் போகும் பெரிய தெரு நெடுக ஒவ்வொரு கிரகத்துக்கும் ஒரு கம்பம். புதிதாக வந்த பொறியாளர்ப் பெண் ஒரு தாளை நீட்டினாள். தூரமெல்லாம் வானியல் அலகில் இருந்தது.

"எனக்கு மீட்டர்ல சொல்லும்மா" என்றாள் சக்கரக்காரி.

"சூரியனுக்கும் பூமிக்கும் நடுவுல இருக்கற தூரம்தான் ஒரு அலகு, அக்கா. சுமாரா பதினஞ்சு கோடி கிலோமீட்டர்."

"அவ்ளோ தூரம் தள்ளினா என் சக்கரம் தேஞ்சு போயிடும்."

"அதான் நம்ம தெருவுக்கு ஒரு அலகை நூறு மீட்டரா சுருக்கிட்டோம். நூறால பெருக்கினா போதும்."

பெருக்கினார்கள், சக்கரம் உருண்டது. புதன் முப்பத்தொன்பதாவது மீட்டரில், சக்கரக்காரியின் வீட்டு வாசலிலேயே விழுந்தது. பூமி சரியாக நூறில், தபால் நிலையத்துக்கு முன்னால். வியாழன் வங்கிப் படிக்கட்டில். சனிக்கு ஒன்பது புள்ளி ஐந்து எட்டு அலகு. சக்கரம் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டில் நின்றபோது தையல்காரர் கத்தரிக்கோலோடு வெளியே வந்துவிட்டார்.

"ஏற்கெனவே வியாபாரம் படுத்துக் கிடக்கு. இதுல சனியை வேற கொண்டாந்து என் வாசல்ல நடுறீங்களே. பக்கத்துக் கடையில வைங்க."

"அஞ்சு மீட்டர் தள்ளினா எழுபத்தஞ்சு லட்சம் கிலோமீட்டர் தப்பாயிடும்ணே. யார் பதில் சொல்றது?"

அவர் கத்தரிக்கோலோடு உள்ளே போய்விட்டார். யுரேனஸ் மருந்துக் கடைக்குப் போனது. நெப்டியூன் மூன்றாவது கிலோமீட்டரில், பஸ் நிலையத்துக்குக் கொஞ்சம் முன்னால்.

"அவ்ளோதானா?"

"கிரகம் அவ்ளோதான். அடுத்தது பக்கத்து நட்சத்திரம்." பொறியாளர்ப் பெண் ஒளியாண்டை அலகாக்கி, அலகை மீட்டராக்கி, ஃபோனில் தட்டிப் பார்த்தாள். "அதுக்குக் கம்பம் நடணும்னா சுமாரா இருபத்தேழாயிரம் கிலோமீட்டர் போகணும் அக்கா."

"நடுவுல என்ன இருக்கு?"

"நடுவுல ஒண்ணுமில்ல. இருட்டுதான்."

அன்றைக்குச் சக்கரக்காரிக்குச் சோறு இறங்கவில்லை. மகள் இருக்கிற ஊர் ஆறாயிரம் கிலோமீட்டர்; அது அவளுக்கு மனப்பாடம். ஞாயிற்றுக்கிழமை ஃபோன் வந்ததும் தையல்காரர் சண்டை வரை எல்லாம் சொல்லிச் சிரிக்கவைத்தாள். பிறகு அவளை அறியாமலே வந்துவிட்டது.

"நெப்டியூனைத் தாண்டினா ஒண்ணுமே இல்லையாம்டி. அந்த இருட்டுல போயி நீ உக்காந்திருக்கியே."

குரல் உடைந்தது. அவளுக்கு வெட்கமாகிவிட்டது. "சரி, வேளாவேளைக்குச் சாப்பிடு" என்று வைத்துவிட்டாள்.

விஷயம் கேள்விப்பட்ட பொறியாளர்ப் பெண் பதறிப்போனாள். "சும்மா சொன்னேன் அக்கா. அந்தத் தூரத்துலதான் வால்நட்சத்திரங்க இருக்குங்கறாங்க. எப்பவாவது ஒண்ணு கிளம்பி சூரியன் பக்கம் வரும்."

"வர்றதுக்கு எவ்ளோ நாள் ஆகும்?"

"லட்சக்கணக்கான வருஷம்."

"நல்லா ஆறுதல் சொன்னே போ."

மாதம் ஒன்று போயிருக்கும்; கம்பங்களையும் பெயர் எழுதி நட்டாயிற்று. பூங்கா வாசலில் நடைபாதை அளக்க எண் பெட்டியைப் பூஜ்யத்துக்குத் திருப்பிக்கொண்டிருந்தாள். ஃபோன் அடித்தது.

"அம்மா, யுரேனஸ்ல நிக்கிறேன். இங்கேருந்து வீட்டுக்கு எவ்ளோ தூரம்? நடக்குற தூரமா?"

ஆயிரத்து எண்ணூற்று எண்பத்தொன்று. அவளுக்குத் தெரியாதா என்ன. ஆனால் வாயில் வந்தது வேறு.

"வாடி" என்றாள். "வாடி, என் கண்ணு."

சொல்லிவிட்டு அங்கே நிற்க முடியவில்லை. கையில் இருந்த சக்கரத்தைக் கீழே போடவும் தோன்றாமல், தள்ளிக்கொண்டே பூமியைத் தாண்டி, வியாழனைத் தாண்டி, மூச்சிரைக்க ஓடினாள். எதிரே பெரிய பையோடு மகள் ஓடி வந்தாள். இரண்டு பேரும் தையல் கடை வாசலில் சேர்ந்துகொண்டு அழுத அழுகையில், தையல்காரர் உள்ளேயிருந்து நாற்காலியும் தண்ணீரும் கொண்டுவந்தார்.

"சனியைப் பத்திச் சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன்" என்றார்.

திரும்பும்போது அம்மா பையைத் தூக்கிக்கொண்டாள். மகள் சக்கரத்தைத் தோளில் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் வங்கிக்குப் பின்னால் இருந்த சந்தில் சாக்கடை அளந்தார்கள். பெட்டி காட்டியதை எழுதிக்கொடுத்துவிட்டுச் சக்கரக்காரி வீட்டுக்கு ஓடிவிட்டாள். சாயங்காலம் பொறியாளர்ப் பெண் கூப்பிட்டாள். குழாய்க்கு ஆர்டர் போகிற நேரம்.

"அக்கா, அந்தச் சந்து ஆயிரத்துத் தொண்ணூத்தெட்டு மீட்டரா? எட்டிப் பார்த்தாலே அந்தக் கோடி தெரியுதே."

சக்கரக்காரி உள்ளே தூங்கிக்கொண்டிருந்த மகளை ஒரு தரம் பார்த்தாள்.

"அதுல தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டைக் கழிச்சிடும்மா" என்றாள். "அது என்னோடது."