நான் விட்ட ‘ஆம்’

மேஜை இழுப்பறையைச் சுத்தம் செய்யப்போய், கோடு போட்ட அந்தப் பழைய நோட்டு நேற்று கைக்கு வந்தது. முதல் பக்கத்தில் என் குண்டு எழுத்து: எவ் என்றால் வீடு. எவ்லெர், வீடுகள். எவ்லெரிமிஸ், எங்கள் வீடுகள். எவ்லெரிமிஸ்தே, எங்கள் வீடுகளில். துருக்கிப் பாஷை. கொல்லிமலையில் ஒரு காப்பித் தோட்டத்தில் நான் ரைட்டராக இருந்தபோது, கோவேறு கழுதை ஓட்டும் ஒருவர் சொல்லச் சொல்ல எழுதியது. திறந்த கையோடு மூடிவிட்டேன்.

முதல் மகாயுத்தத்துக்குக் கழுதை ஓட்டப் போய், துருக்கியரிடம் பிடிபட்டு, இரண்டு வருஷம் அவர்களுக்கு ரயில் பாதை போட்டுக் கொடுத்துவிட்டு வந்தவர் அவர். சண்டைக்குப் போனதால் மலையில் அவருக்குச் சண்டைக்காரர் என்றே பெயர். ஆனால் ஒரு கழுதையைக்கூட அதட்ட மாட்டார். என் வயதுதான். கையெழுத்துப் போடத் தெரியாது. மெட்ரிகுலேஷன் படித்த எனக்குத் தெரியாத ஒரு பாஷை அவருக்குத் தெரிகிறதே என்ற பொறாமையில்தான் கற்றுக்கொள்ள உட்கார்ந்தேன். அதை ஆர்வம் என்று அப்போது சொல்லிக்கொண்டேன்.

மிளகு மூட்டைகளை எடைபோட ஆள் வரும்வரை கிடங்கு வாசலில் பாடம் நடக்கும். “நம்ம பேச்சாட்டவே தானுங்க, ஒண்ணு பொறகால ஒண்ணு ஒட்டிக்கிட்டே போகோணும்” என்பார். அப்படித்தான் இருந்தது. நடந்து முடிந்ததைச் சொல்ல மட்டும் அவர்களுக்கு இரண்டு வழி. ஒருவன் வந்ததைக் கண்ணால் பார்த்திருந்தால் ‘கெல்தி’. பிறர் சொல்லிக் கேட்டிருந்தால் ‘கெல்மிஷ்’. நான் இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்வேன். ஒருநாள் அவர் பொறுமையாக விளக்கினார்: “நம்ம வந்தான், வந்தானாம் தானுங்க. அங்க கேம்ப்புல ஒருத்தன் ஓடிட்டதா கேள்விப்பட்டேன். ‘ஓடிட்டானாம்’னு சொல்லாம ‘ஓடிட்டான்’னு சொல்லிப்போட்டேன். அப்ப நீ பாத்தியான்னு போட்டு ஒதைச்சானுங்க காவக்காரன்.” நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

அந்த வருஷம் தை மாதம் ஒரு மிளகு மூட்டை காணாமல் போயிற்று. சண்டைக்காரர் எடுத்துப்போனாராம் என்று சமையல்காரர் வந்து சொன்னார். அவருக்கும் யாரோ சொன்னதுதான். மூட்டை ஏற்றும்போது நான் கிடங்கில் நின்றிருக்க வேண்டும். வீட்டில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தேன். கேள்விப்பட்டேன் என்று எழுதினால், நீ எங்கே போயிருந்தாய் என்று துரை கேட்பார். அவன் எடுத்தான் என்று இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தேன். அன்று மத்தியானமே அவரை வேலையைவிட்டு நிறுத்திவிட்டார்கள். இங்கிலீஷில் ‘ஆம்’ கிடையாதே என்று வெகுகாலம் எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். கேள்விப்பட்டேன் என்று எழுத அந்தப் பாஷையில் வார்த்தைக்கா பஞ்சம்?

பத்து நாள் கழித்து, மலைப்பாதை வளைவுக்குக் கீழே பள்ளத்தில் அந்த மூட்டை கட்டுப் பிரியாமல் கிடந்தது. கழுதை முதுகிலிருந்து சரிந்து விழுந்திருக்கிறது. துரையிடம் சொன்னேன். வேறு ஆள் வைத்தாயிற்றே என்றார் அவர். நான் அதற்குமேல் வாயைத் திறக்கவில்லை. இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

மறு வருஷம் பேளுக்குறிச்சிச் சந்தையில் அவரைப் பார்த்தேன். மனைவியோடு உட்கார்ந்து மரவள்ளிக்கிழங்கு விற்றுக்கொண்டிருந்தார். நழுவிவிடத்தான் பார்த்தேன், அதற்குள் அவரே எழுந்து, “வாங்க, வாங்க” என்றார். நான் அவர் காலில் விழுந்திருக்க வேண்டும். இந்தப் பக்கம் மழை உண்டா என்று கேட்டேன். இவர் யார் என்று அந்த அம்மாள் மெல்லக் கேட்டார்.

அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே மனைவிக்குச் சொன்னார்:

“தோட்டத்து ரைட்டரு இவங்க. ரொம்ப நல்லவங்களாம்.”

அந்த அம்மாள் எழுந்து, இரண்டு கையையும் கூப்பி என்னைக் கும்பிட்டார்.