டிராக் பாடியவள்

இந்த ஊரில் வெந்நீர் சிவப்பாக இருக்கும். ஏதோ மரப்பட்டையைப் போட்டுக் கொதிக்க வைத்து, சாப்பாட்டுக் கடையிலும் ரெக்கார்டிங் ஸ்டுடியோவிலும் அதைத்தான் நீட்டுகிறார்கள். முதல் தடவை, யாருடைய கஷாயமோ தவறி என் கைக்கு வந்துவிட்டது என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன். கொடுத்தவருக்கு முகம் சுண்டிப்போயிற்று. தமிழச்சிக்குத் திமிர் என்று அன்றே முடிவாகிவிட்டது. கல்யாணமாகித் திருநெல்வேலியிலிருந்து திருவனந்தபுரம் கரமனைக்கு வந்து வருஷங்கள் ஓடிவிட்டன. இன்றும் அந்த டம்ளரை வாங்கும்போது ஒரு நொடி கை தயங்கத்தான் செய்கிறது.

ஊரில் இருக்கும் நீங்கள், நான் இங்கே பெரிய பாடகியாகிவிட்டதாகப் பேசிக்கொள்கிறீர்களாம். கேட்கச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. நம் ஊர் மெல்லிசைக் கச்சேரியை இங்கே கானமேளா என்பார்கள். விழிஞ்ஞம் கடற்கரையிலும் மலையோரத்திலும் எத்தனையோ கோயில் திருவிழாக்களில் பாடியிருக்கிறேன். நான் வந்த புதிதில் குரல் நன்றாக இருந்தால் போதும், கூப்பிடுவார்கள். பிறகு கேசட் வந்தது. டீக்கடைக்கு டீக்கடை டேப்ரிக்கார்டர் அலற ஆரம்பித்தது. கோயில் கமிட்டிக்காரர்கள் முதல் கேள்வியாக, "சேச்சி ஏது கேசட்டில் பாடியிருக்கு?" என்றார்கள். அட்டையில் பெயர் இல்லாதவளுக்கு மேடையில் கோரஸ் வரிசைதான். அந்த அட்டையில் என் பெயர் ஒரு தடவை வந்துவிட்டால் பிழைத்துக்கொள்வேன் என்று நம்பினேன்.

அதற்காகவே டிராக் பாடப் போனேன். பிரபல பாடகிகளுக்கு வந்து உட்கார நேரம் இருக்காது. வாத்தியங்களோடு சேர்ந்து முழுப் பாட்டையும் என் போன்ற ஒருத்தி பாடி வைக்க வேண்டும். பிற்பாடு அவர் வந்து, அதைக் கேட்டுப் பாடம் பண்ணிக்கொண்டு பாடிவிட்டுப் போவார். எங்கள் குரலை அழித்துவிடுவார்கள். தேவி மேல் பாடிய ஒரு பக்திப் பாட்டு கேசட்டுக்காக என்னைக் கூப்பிட்ட இசையமைப்பாளரை எல்லோரும் மாஷ் என்போம். "கடைசிப் பாட்டு உங்க சப்தத்திலே தன்னெ வரும். நான் பறஞ்ஞா பறஞ்ஞதுதான்," என்றார் அவர். என் குரலிலேயே வரும் என்று அவர் வாக்குக் கொடுத்ததும் நானும் பூரித்துப்போனேன், மடச்சி.

அந்தப் பாட்டின் முடிவில், தேவியை "அம்மே" என்று கூப்பிடும் ஓர் இடம். மாஷ் சொல்லிக் கொடுத்தது நேரான மெட்டு. பாடும்போது எனக்கு என் சித்தியின் நினைவு வந்துவிட்டது. சாவு வீட்டில் ஒப்பாரி வைத்தால், அவள் "யம்மா" என்று எடுத்து, மேலே நிறுத்தாமல், தொண்டை உடைகிற மாதிரி கீழே இறக்கிவிடுவாள். எங்கள் பக்கத்துப் பெண்களுக்கே உரிய இறக்கம் அது. என்னை அறியாமல் அப்படியே இறக்கிவிட்டேன். வயலின்காரர் வில்லை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்தார். மாஷ் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எழுந்து நின்றார். என் வாழ்க்கையில் நான் பாடிய பாட்டு என்றால் அது ஒன்றுதான்.

கேசட் வெளிவந்த அன்று, சாலைக் கடைத்தெருவில் துணிக்கடையில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர் வாங்கிக்கொண்டு ஓடி வந்தார். "உன் பேரு சின்னதாவாவது எங்கயாச்சும் இருக்கான்னு ரெண்டு பக்கமும் பாத்துட்டேன், காணோம்," என்றார். போட்டுக் கேட்டோம். கடைசிப் பாட்டும் அந்தப் பிரபல பாடகியின் குரல்தான். ஆனால் அந்த "அம்மே" இருந்ததே, அந்த இறக்கம், ஒரு இழை பிசகாமல் அப்படியே இருந்தது. மாஷிடம் போய்க் கேட்டேன். "கம்பெனிக்காரன் சம்மதிச்சில்லா. வல்லிய பேரு வேணுமாம். விஷமிக்க வேண்டாம்," என்றார். கம்பெனிக்குப் பெரிய பேர்தான் வேண்டுமாம், நான் வருத்தப்பட வேண்டாமாம். என்னவோ என் குடை தொலைந்துவிட்ட மாதிரி.

போன மாசி மாதம் போனக்காடு தேயிலைத் தோட்டத்துக் கோயிலில் கானமேளா. வேலைக்காரர்கள் பெரும்பாலும் தமிழர்கள். தாத்தா காலத்தில் நம் பக்கத்திலிருந்து மலையேறியவர்கள். மலையேறி வர வேறு பாடகி கிடைக்காததால், என்னைக் கேரளத்துக் கசவுச் சேலையில் முன்னால் நிற்க வைத்து, அறிவிப்பாளர் மலையாளத்தில் அறிமுகப்படுத்தினார். எல்லோரும் கேட்டது அந்தத் தேவி பாட்டைத்தான். பாடினேன். "அம்மே" வந்ததும் சித்தியைப் போலவே கீழே இறக்கினேன். இறங்கி வந்தபோது, தேயிலைக் கறை படிந்த விரல்களால் ஒரு நடுவயதுப் பெண் என் கையைப் பற்றிக்கொண்டாள். அவள் கண்ணெல்லாம் ஈரம்.

"கேசட்டுல பாடுற அம்மா சத்தியமா நம்ம ஊர்க்காரிதான். எங்காத்தா இப்படித்தான் இழுத்து அழும். வேற யாருக்கும் இது வராது. நீங்க மலையாளத்துக்காரியா இருந்தும் அவங்க மாதிரியே பாடிட்டீங்களே, தாயி!"

அது நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். யார் நம்புவார்கள்? அந்தப் பெரிய பாடகியின் பாட்டைத் தனது என்று சொல்லும் பைத்தியக்காரி என்றுதானே நினைப்பாள்! இத்தனை வருஷத்தில் என் குரலை அடையாளம் கண்டுகொண்ட ஒரே ஒருத்தியிடம், "வளரெ சந்தோஷம்" என்று மலையாளத்திலேயே சொல்லிவிட்டு வேனில் ஏறிக்கொண்டேன்.